வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்த கதை

ராத்திரி பத்து மணி. உங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பாதி துவைத்த துணியோடு நின்றுவிடுகிறது. கதவு திறக்க மாட்டேன் என்கிறது. காலையில் பையனுக்கு யூனிஃபார்ம் வேண்டும். அது உள்ளே தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டால் பத்து நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு லைனைத் துண்டித்துவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் அவர்களுடைய இணையத்தளத்துக்குப் போய், 'உதவி' என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துகிறீர்கள்.

ஒரு பக்கம் திறக்கிறது. மேலே கம்பெனியின் லோகோ. விளம்பரத்தில் பார்த்த அதே நீலம். 'உங்கள் பிரச்னை என்ன?' என்று கேட்டு ஒரு பெட்டி. உள்ளதைக் கொட்டி அனுப்பினால், 'நன்றி. உங்கள் டிக்கெட் எண் இது' என்று ஒரு நம்பர் வருகிறது. ஏதோ கம்பெனி வாசலிலேயே போய் நின்று புகார் கொடுத்துவிட்டு வந்த திருப்தி உங்களுக்கு.

பெரும்பாலும் அது அந்தக் கம்பெனியின் வாசலே கிடையாது. அந்தப் பக்கம், அந்தப் பெட்டி, அந்த நம்பர் எல்லாமே இன்னொரு கம்பெனியின் சொத்து. வாஷிங் மெஷின்காரர் மாதாமாதம் பணம் கட்டி அங்கே குடியிருக்கிறார். தன் பெயர்ப் பலகையை மாட்டி, தனக்குப் பிடித்த வர்ணம் அடித்து, சொந்த வீடு மாதிரி வைத்திருக்கிறார். வாசலில் எழுதியிருக்கும் விலாசத்தைக்கூடத் தன் பெயரில் மாற்றிக்கொள்ளலாம். வந்தவருக்குச் சந்தேகமே வராது.

வாடகை வீட்டுக்காரர்களின் கதை நமக்குத் தெரியாததா? பெயின்ட் அடிக்கலாம், ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பூந்தொட்டி வைக்கலாம், ஆனால் மொட்டை மாடிச் சாவி ஹவுஸ் ஓனரிடம்தான் இருக்கும். கிட்டத்தட்ட அதே சண்டைதான் இங்கேயும். ஒரே ஒரு வித்தியாசம், இந்தச் சண்டையில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார். வீட்டுக்கு வரும் விருந்தாளி. அதாவது, ராத்திரி பத்து மணிக்கு ஈரத்துணியோடு நிற்கும் நீங்கள்.

ஒரு பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? வீட்டுக்காரருக்கா, குடியிருப்பவருக்கா, விருந்தாளிக்கா? இந்தக் கேள்விக்கு முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு சரித்திரம் இருக்கிறது. முதலில் ஜெனிவாவுக்குப் போய்விட்டு வருவோம்.

ஜெனிவாவுக்குப் பக்கத்தில் செர்ன் என்று ஓர் ஆராய்ச்சிக்கூடம். அணுவுக்குள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்கிற இடம். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ, 1989ல் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் அது வேலை செய்யவும் ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் இன்றைக்கு நாம் வெப் என்கிறோம். விஞ்ஞானிகளுக்குள் கட்டுரைகளைப் பரிமாறிக்கொள்வதற்கு ஓர் ஏற்பாடு. அலங்காரமெல்லாம் யார் கேட்டார்கள்? இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று மட்டும் குறித்துவிட்டால் போதும். தலைப்பு எவ்வளவு பெரிசாக, என்ன எழுத்தில் தெரிய வேண்டும் என்பதைப் படிக்கிறவரின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

கவனியுங்கள். ஆரம்பத்தில் தோற்றத்தின் மொத்த உரிமையும் படிக்கிறவர் பக்கம்தான் இருந்தது. எழுதுகிறவருக்கு ஒன்றும் கிடையாது.

வெப்பை விஞ்ஞானிகள் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அப்படியே ஓடியிருக்கும். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். விளம்பரக்காரர்கள் வந்தார்கள். கம்பெனிகள் வந்தன. 'என் தலைப்பு சிவப்பாக வேண்டும்.' 'என் பெயர் நடுவில் வர வேண்டும்.' இதற்கெல்லாம் வழியே இல்லை என்றால் எந்த வியாபாரி சும்மா இருப்பார்?

அந்தச் சமயத்தில் செர்னில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் ஹோகோன் வியும் லீ. நார்வேக்காரர். அதற்குமுன் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மீடியா லேபில் படித்தவர். 1994 அக்டோபர் 10ம் தேதி ஒரு யோசனையை வெளியிட்டார். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு தாளில் இருக்கட்டும். அது எப்படித் தெரிய வேண்டும் என்பது இன்னொரு தாளில் இருக்கட்டும். இரண்டாவது தாளுக்குப் பெயர் ஸ்டைல் ஷீட். தலைப்பு என்றால் இந்த அளவு, சுட்டி என்றால் இந்த நிறம் என்று ஒரு பட்டியல். ஆயிரம் பக்கத்துக்கும் ஒரே பட்டியல். பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் ஆயிரம் பக்கமும் மாறும்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். காமர்ஸ் படித்தவன் என்பதால் பிடித்ததோ என்னவோ.

லீ தன் யோசனையில் ஒரு பங்குக் கணக்கு வைத்திருந்தார். பெரிய தலைப்பு 24 பாயிண்ட் இருக்க வேண்டும், இந்த விஷயத்தில் எனக்கு 100 சதவிகிதம் வேண்டும் என்று ஒரு ஸ்டைல் ஷீட் கேட்கலாம். அடுத்த தலைப்பு 20 பாயிண்ட் இருந்தால் தேவலை, ஆனால் எனக்கு 40 சதவிகிதம் செல்வாக்கு போதும் என்றும் கேட்கலாம். மீதி 60 அடுத்த ஆளின் பட்டியலுக்குப் போகும். அருவி மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு விழுவது மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இறங்கும். அதனால்தான் அதற்குக் 'கேஸ்கேடிங்' என்று பெயர் வைத்தார்.

சரி, அருவியில் மேல் படி யாருக்கு? படிக்கிறவருக்கு! முதலில் வாசகர் தனக்கு வேண்டியதைச் சொல்வார். மிச்சம் இருக்கும் செல்வாக்குதான் பக்கத்தை எழுதியவருக்குப் போய்ச் சேரும். கம்பெனிச் சட்டத்தில் பிரிஃபரன்ஸ் ஷேர் என்று ஒன்று உண்டு. லாபத்தில் அவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். லீயின் கணக்கில் வாசகர்தான் பிரிஃபரன்ஸ் ஷேர்ஹோல்டர்.

மூன்றே நாளில், அக்டோபர் 13ம் தேதி, நெட்ஸ்கேப் தன் பிரவுசரை அறிவித்தது. அது ஊரையே மாற்றிவிட்டது. எழுத்தின் அளவை மாற்ற ஒரு குறி, நடுவில் நிறுத்த ஒரு குறி என்று அது பாட்டுக்கு அள்ளி வீசியது. ஜனங்களும் அள்ளிக்கொண்டார்கள். வர்ணமும் வார்த்தையும் ஒரே தாளில் கலந்து கூழாகிப் போனது. பத்திகளை நிறுத்தி வைக்க, கணக்குப் போடுவதற்கான அட்டவணைகளைச் சாரம் மாதிரி கட்டினார்கள். இடைவெளி வேண்டுமா? கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தைச் செருகி இழுத்துவிடு! கம்பெனி தன் நீலத்தைப் பச்சையாக மாற்ற நினைத்தால், முந்நூறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டும்.

லீ விடவில்லை. டச்சுக்காரர் பெர்ட் பாஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். 1996 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3 ஸ்டைல் ஷீட்டை ஓரளவுக்குப் புரிந்துகொண்டது. அதே வருஷம் டிசம்பர் 17ம் தேதி வெப் கூட்டமைப்பு சி.எஸ்.எஸ். முதல் பதிப்பை முறைப்படி அங்கீகரித்தது.

ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் சதவிகிதக் கணக்கு காணாமல் போயிருந்தது. 24 பாயிண்டையும் 12 பாயிண்டையும் பங்கு போட்டுச் சராசரி எடுப்பது நடைமுறைக்குத் தோதானதாக இல்லை. அதைவிட முக்கியமாக, மேல் படியில் ஆள் மாறிவிட்டார். எழுதியவர் சொல்வதும் வாசகர் சொல்வதும் மோதினால் எழுதியவர் பேச்சுதான் நிற்கும். 'இது முக்கியம்' என்று இரண்டு பேருமே முத்திரை குத்தியிருந்தாலும், அப்போதும் எழுதியவருக்கே வெற்றி. விருந்தாளியைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

இந்த 1996ம் வருஷத்தை ஞாபகத்தில் வையுங்கள். இதே வருஷத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி வின்சென்ட் என்ற இளைஞர் ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தார். 'ரிக்வெஸ்ட் டிராக்கர்' என்று பெயர். சுருக்கமாக ஆர்.டி.

அதன் தேவை சுலபமாகப் புரியக்கூடியது. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் அறைக்குத் தினம் ஐம்பது புகார் மெயில் வருகிறது. எதற்கு யார் பதில் போட்டார்கள்? ஒருத்தருக்கே மூன்று பேர் பதில் போட்டிருப்பார்கள். இன்னொருவருக்கு ஒருத்தருமே போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே வருகிற ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நம்பர். அதற்கு ஒரு பொறுப்பாளர். திறந்திருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று ஒரு நிலை. இந்த நம்பர் போட்ட புகார்தான் டிக்கெட். நம்மூர் ஆபீஸ்களில் தபால் வந்ததும் பதிவேட்டில் எழுதி, எண் கொடுத்து, சீட்டுக்கு அனுப்புவார்கள் அல்லவா? அதையே கம்ப்யூட்டர் செய்தது.

இலவசமாகக் கிடைத்ததால் ஆர்.டி. பரவியது. பரவிய இடமெல்லாம் முதல் ஆசை ஒன்றுதான். 'இதில் எங்கள் லோகோவை எப்படிப் போடுவது?'

இங்கே டெம்ப்ளேட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போயிருப்பீர்கள். மாடல் ஆல்பம் ஒன்றைக் காட்டுவார்கள். பிள்ளையார் சுழி, 'நிகழும் மங்களகரமான', கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' எல்லாம் ஏற்கெனவே இருக்கும். மணமகன், மணமகள், தேதி, மண்டபம் மட்டும் காலி. நிரப்பினால் உங்கள் வீட்டுப் பத்திரிகை. டெம்ப்ளேட் அதுதான். ஹெல்ப் டெஸ்க் பக்கத்தில் காலி இடங்கள், டிக்கெட் எண், உங்கள் பெயர், புகாரின் தலைப்பு. அட்டையின் வர்ணத்தையும் எழுத்தையும் பார்த்துக்கொள்வது ஸ்டைல் ஷீட்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு உள்ளேயே, தன் சொந்த மெஷினில் இருந்த காலம் அது. சொந்த வீடு. டெம்ப்ளேட் ஃபைலைத் திறந்து, இஷ்டத்துக்கு மாற்றிவிட்டு மூடலாம். மாற்றியவருக்கு அதன் விலை ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வரும். நிறுவியதும், மாற்றிய ஃபைல்களின் மேல் புது ஃபைல்கள் வந்து உட்காரும். லோகோ போயே போச்சு.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆர்.டி.யில் 'லோக்கல்' என்று தனியாக ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. மாற்ற வேண்டிய டெம்ப்ளேட்டை நகல் எடுத்து அங்கே வைத்து, அதில் மாற்றிக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் முதலில் அங்கே தேடும். இருந்தால் அதைக் காட்டும். இல்லாவிட்டால் ஒரிஜினலைக் காட்டும். புதுப் பதிப்பு ஒரிஜினலைத்தான் தொடும். உங்கள் லோகோ பத்திரம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நகல் எடுத்த நாளோடு அந்தப் பக்கம் உறைந்துவிடும். ஒரிஜினலில் ஓர் ஓட்டையை அடைத்திருப்பார்கள், ஒரு புது வசதி சேர்த்திருப்பார்கள். உங்கள் நகலுக்கு அது வந்து சேராது. அதனால்தான் இந்தத் தொழிலில் ஊறியவர்கள் ஒரே புத்திமதியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஸ்டைல் ஷீட்டில் முடிகிற வேலைக்கு டெம்ப்ளேட்டில் கை வைக்காதே.

ஸ்டைல் ஷீட்டில் அப்படி எவ்வளவுதான் முடியும்? கனடாக்காரரான டேவ் ஷே இதற்கு 2003 மே மாதத்தில் கண்ணெதிரே பதில் காட்டினார். 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்று ஒரு பக்கத்தை உருவாக்கினார். வார்த்தை, வரிசை எதையும் தொடக்கூடாது. ஸ்டைல் ஷீட்டை மட்டும் மாற்றி உங்கள் திறமையைக் காட்டுங்கள் என்று உலகத்தைக் கூப்பிட்டார். ஒருவர் அதே பக்கத்தைப் பூந்தோட்டமாக்கினார், இன்னொருவர் பழைய சினிமா போஸ்டர் மாதிரி ஆக்கினார். அடியில் ஒரே தாள், மேலே ஏகப்பட்ட வேஷம். லீ 1994ல் சொன்னது என்னவென்று பலருக்குப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அடுத்த கட்டம், வாடகை வீட்டுக் காலம். சாஃப்ட்வேரை வாங்கி வைத்துக்கொள்வானேன், மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று 1999ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் வழி காட்டியது. 2007ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மிக்கெல் ஸ்வானே, மோர்டன் பிரிம்டால், அலெக்ஸாண்டர் அகாசிப்பூர் என்ற மூன்று நண்பர்கள் ஹெல்ப் டெஸ்க்கை அப்படி வாடகைக்கு விட்டார்கள். ஜென்டெஸ்க் என்று பெயர்.

இப்போது அந்தப் பழைய ஆசை புதுச் சிக்கலாக வந்து நின்றது. சொந்த வீடாக இருந்தவரை சுவரை இடித்தாலும் நஷ்டம் உங்களுக்கு. இது ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்கும் அபார்ட்மென்ட். ஒருத்தர் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டில் ஒழுகும். டெம்ப்ளேட் என்பது பல சாஃப்ட்வேர்களில் பாதி புரோகிராம். அதை மாற்றலாம் என்று குடியிருப்பவரிடம் கொடுத்தால், அவர் எழுதும் நாலு வரி எல்லோருடைய டிக்கெட்டுகளையும் படித்துவிடக்கூடும். மெஷினையே நிறுத்திவிடக்கூடும். கொடுக்காவிட்டாலோ, 'எங்கள் வர்ணம் அடிக்க முடியாத வீடு எங்களுக்கெதற்கு?' என்று அவர் கிளம்பிவிடுவார்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹெல்ப் டெஸ்க்காரர் இல்லை. ஒரு கடைக்காரர். ஜெர்மனியில் பிறந்து கனடாவில் குடியேறிய டோபி லுட்கே, பனிச்சறுக்குப் பலகைகள் விற்பதற்காக 2004ல் ஓர் இணையக் கடை போட்டார். பலகையைவிடக் கடையை நடத்த எழுதிய சாஃப்ட்வேர்தான் விலை போகும் என்று தெரிந்தது. அதுதான் ஷாப்பிஃபை. கடை வாடகைக்கு எடுப்பவர்கள் தங்கள் இஷ்டப்படி முகப்பை மாற்றிக்கொள்ள அவர் ஒரு குட்டி மொழியை உருவாக்கினார். பெயர், லிக்விட்.

இந்த மொழியின் சிறப்பே அதனால் செய்ய முடியாத காரியங்கள்தான். இரட்டை வளைவு அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரை எழுதினால் அந்த இடத்தில் அந்த விவரம் வரும். 'இது இருந்தால் அதைக் காட்டு' என்று சொல்லலாம். பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கலாம். அவ்வளவுதான். வீட்டுக்காரர் எந்த விவரங்களை எடுத்து வெளியே வைத்திருக்கிறாரோ அவற்றைத்தான் கூப்பிட முடியும். பீரோவைத் திறக்க முடியாது. பெயின்ட்டும் பிரஷும் உண்டு, சுத்தியல் கிடையாது. குடியிருப்பவருக்கும் திருப்தி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

இந்த லிக்விட் நம்மூருக்கும் வந்தது. திருச்சியில் பிறந்த கிரிஷ் மாத்ருபூதம், சென்னையில் ஜோஹோ நிறுவனத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஹெல்ப் டெஸ்க் சாஃப்ட்வேரை உருவாக்கிய அனுபவம் அவருக்கு அங்கேயே உண்டு. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது, கப்பலில் வந்த அவருடைய டி.வி. உடைந்து வந்து சேர்ந்தது. இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெறுத்துப் போய் நாலு பேர் பார்க்கும் இடத்தில் விஷயத்தை எழுதினார். உடனே வேலை நடந்தது. புகார் கொடுப்பவன் கை ஓங்குகிற காலம் வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

2010ல் ஜென்டெஸ்க் விலையை உயர்த்த, வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கொதிப்பைப் பார்த்த கிரிஷ், ஷண் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து அதே வருஷம் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் ஆட்வெல் காலேஜ் என்ற பள்ளிக்கூடம். 2017ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறியது. 2021 செப்டம்பர் 22ம் தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, 100 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது.

அந்த ஃப்ரெஷ்டெஸ்க்கில் குடியேறுகிறவருக்குப் பக்கத்தின் தலைப்பகுதி, அடிப்பகுதி, உள்ளே வரும் பக்கங்கள், ஸ்டைல் ஷீட் ஆகியவற்றை மாற்றிக்கொள்ள வசதி உண்டு. எழுதும் மொழி, லிக்விட். ஆனால் குறைந்த வாடகைக்கு லோகோவும் நாலு வர்ணமும்தான். டெம்ப்ளேட்டில் கைவைக்க வேண்டுமானால் கூடுதல் வாடகை. இந்தத் தொழிலில் பல கம்பெனிகளின் விலைப் பட்டியல் இதே மாதிரிதான் இருக்கும். 1994ல் ஒருவர் சதவிகிதம் போட்டுப் பிரித்த உரிமை, இன்றைக்கு மாதம் இவ்வளவு டாலர் என்று விலைக்கு வருகிறது.

வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம் ஆகிவிட்டது. விருந்தாளி என்ன ஆனார்?

1999ல், சிட்னி ஒலிம்பிக்ஸுக்கு ஒரு வருஷம் முன்னால், பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் புகார் கொடுத்தார். ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் இணையத்தளத்தை என்னால் படிக்க முடியவில்லை, படங்களுக்கு விளக்கம் எழுதவில்லை, முடிவுகளின் அட்டவணை புரியவில்லை என்றார். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் கருவியின் உதவியோடு படிப்பவர் அவர். அமைப்புக் குழு ஒரு கணக்குச் சொன்னது. மொத்தம் 1,295 டெம்ப்ளேட்கள். ஒவ்வொன்றையும் திருத்த இரண்டு மணி நேரம். கட்டுப்படியாகாது!

நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். டெம்ப்ளேட்கள் அவ்வளவு இருக்காது, ஒவ்வொன்றுக்கும் அத்தனை நேரமும் ஆகாது என்றார்கள். டெம்ப்ளேட்டின் பெருமையே ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும் என்பதுதானே? 2000 ஆகஸ்டில் மனித உரிமை ஆணையம் புகார்தாரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. திருத்தங்கள் முழுதாக நடக்காததால், பின்னர் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க உத்தரவானது.

இதற்குள் ஸ்டைல் ஷீட் விதியிலும் ஒரு திருத்தம் வந்திருந்தது. 1998 மே மாதம் வெளியான சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பு, 1996ல் செய்ததைத் தலைகீழாக்கியது. எழுதியவரும் வாசகரும் 'முக்கியம்' என்று முத்திரை குத்தினால், இனி வாசகர் பேச்சே இறுதி. காரணம் என்ன தெரியுமா? பெரிய எழுத்து இருந்தால்தான் படிக்க முடியும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். குறிப்பிட்ட நிறச் சேர்க்கை இருந்தால்தான் கண் கூசாமல் இருக்கும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ரசனை விஷயம் கிடையாது. அது இல்லாவிட்டால் பக்கமே கிடையாது.

சட்டப் புத்தகத்தில் விருந்தாளிக்கு மறுபடி மேல் படி கிடைத்துவிட்டது. நடைமுறையில்? வாசகர் தன் ஸ்டைல் ஷீட்டை எழுதி வைக்கும் வசதியைப் பெரும்பாலானோர் பயன்படுத்தவே இல்லை. 2014ல் குரோம் அந்த வசதியையே எடுத்துவிட்டது. உரிமை இருக்கிறது, அதைப் பதிவு செய்யும் ஆபீஸை மூடிவிட்டார்கள்.

வேறு வழியாகக் கொஞ்சம் திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2010ல் ஆப்பிளின் சஃபாரி, அலங்காரத்தையெல்லாம் உரித்துவிட்டு வார்த்தைகளை மட்டும் காட்டும் 'ரீடர்' வசதியைத் தந்தது. 2019ல் முக்கியமான பிரவுசர்கள், 'உங்கள் விருந்தாளிக்கு இருட்டுப் பின்னணி பிடிக்குமா, வெளிச்சம் பிடிக்குமா?' என்று ஸ்டைல் ஷீட் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்தன. கேட்பதும் கேட்காததும் குடியிருப்பவர் கையில்.

பெரும்பாலும் கேட்பதில்லை. இன்றைக்குப் பல உதவிப் பக்கங்களில் வெள்ளைமேல் இளஞ்சாம்பல் எழுத்துதான். பார்க்க நாகரிகமாகத்தான் இருக்கிறது. வெப் கூட்டமைப்பு 2008ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு கணக்கு உண்டு. வெள்ளைமேல் கறுப்பு என்றால் வேறுபாடு 21க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த இளஞ்சாம்பலில் பாதி, 3ஐக்கூடத் தொடாது. இருபத்தைந்து வயதில், நல்ல மானிட்டரில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த நிறம். அதைப் படிக்கப் போகிறவர் எழுபது வயதுக்காரராக இருக்கலாம், கையில் கண்ணாடி இல்லாமல் இருக்கலாம்.

மற்ற பக்கங்களுக்கு ஜனங்கள் சந்தோஷமாக வருகிறார்கள். சேலை பார்க்க, செய்தி படிக்க, சினிமா டிக்கெட் வாங்க. உதவிப் பக்கத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. ஏதோ ஒன்று கெட்டுப் போய், வேறு எல்லாக் கதவும் மூடிய பிறகுதான் வருகிறார்கள். தோற்றத்தில் வாசகருக்கு முதல் பங்கு வேண்டும் என்று லீ போட்ட கணக்கு எங்கேயாவது பொருந்த வேண்டும் என்றால், இங்கேதான் பொருந்த வேண்டும்.

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு பக்கம் இருந்து, அதற்கு வர்ணம் அடிக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்தால், ஒரு காரியம் செய்யுங்கள். லோகோ சரியாக இருக்கிறதா என்று முதலாளியிடம் காட்டுவதற்கு முன்னால், வீட்டில் பெரியவர் ஒருவரிடம் காட்டி, 'புகார் எங்கே எழுதணும்னு சொல்லுங்க பார்ப்போம்' என்று கேளுங்கள். அவர் தேடும் நேரத்தை எண்ணுங்கள்.

நீங்கள் விருந்தாளியாகப் போகும்போது எழுத்தே தெரியவில்லை என்றால், கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியைச் சேர்த்து அழுத்துங்கள். பெரிதாகும். பழைய பங்கில் உங்களுக்கு மிச்சம் இருப்பது அது. பிறகு வாஷிங் மெஷின் கதையை எழுதிவிட்டு, கீழே இன்னொரு வரியும் சேருங்கள். 'உங்கள் பக்கத்தில் எழுத்து தெரியவில்லை.'

அதற்கும் ஒரு டிக்கெட் எண் கொடுப்பார்கள்.